பட்டப்பெயர் வைக்கும் விஞ்ஞானிகள்

கேள்வி இது: "மனித உடலில் இருக்கும் முக்கியமான ஒரு மரபணுவுக்கு, வீடியோ கேமில் ஓடுகிற சோனிக் ஹெட்ஜ்ஹாக் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா? விஞ்ஞானிகள் இப்படி விளையாட்டாகப் பெயர் வைக்கலாமா? யாரும் தடுக்க மாட்டார்களா? தமிழில் அப்படி ஒரு பெயர் வைக்க முடியுமா?"

உண்மைதான். வைக்கலாம். சில துறைகளில் தடுப்பார்கள், சில துறைகளில் தடுக்கவே முடியாது. தமிழில் முடியுமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் பழ ஈ வளர்த்தவன் நான். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்ன ஈதான். ரவையும் வெல்லமும் அகாரும் சேர்த்துக் கிண்டி, கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, ஆறியதும் ஈக்களைக் குடிவைப்போம். கிண்டும்போது கேசரி வாசனை வரும். கடைசியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அமிலம் ஊற்றுவோம் என்பதால் யாரும் ருசி பார்த்ததில்லை. நீங்கள் கேட்கும் பெயர்களில் பாதிக்கு மேல் பிறந்தது இந்த மாதிரிக் குப்பிகளுக்குள்தான்.

ஈக்காரர்களின் பெயர் வைக்கும் முறையைப் புரிந்துகொள்ள 1910-க்குப் போக வேண்டும். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வளர்த்த ஈக்களுக்கெல்லாம் கண் சிவப்பு. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு ஆண் ஈ வெள்ளைக் கண்ணோடு வந்தது. அந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணுவுக்கு 'வெள்ளை' என்று பெயர் வைத்தார்கள். கவனியுங்கள், அந்த மரபணு ஒழுங்காக வேலை செய்தால் கண் சிவப்பாக இருக்கும், கெட்டுப்போனால்தான் வெள்ளை. அதாவது சிவப்புக் கண்ணுக்குப் பொறுப்பானவனின் பெயர் வெள்ளை.

விசித்திரமாகத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய வீட்டில் எந்த ஃப்யூஸ் எந்த அறைக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். சமையலறை இருண்டால் அது சமையலறை ஃப்யூஸ். ஈக்காரர்கள் அந்த ஃப்யூஸின் மேல் 'சமையலறை இருட்டு' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். மரபணு என்ன செய்கிறது என்று தெரியாத காலத்தில், அது இல்லாவிட்டால் என்ன கெடுகிறது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அதையே பெயராக்கினார்கள். ஊரில் மாறுகண், ஓட்டைவாய் என்று குறையைச் சொல்லியே பட்டப்பெயர் வைப்பதில்லையா, அதே வழக்கம். பட்டப்பெயர் என்று வந்துவிட்டால் கிண்டல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'டின்மேன்'. ஓஸ் நாட்டு மந்திரவாதி கதையில் தகரத்தால் ஆன மனிதன் ஒருவன் வருவான். தனக்கு இதயம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராக நடப்பான். இந்த மரபணு கெட்டுப்போன ஈயின் கருவில் இதயமே உருவாகாது. பெயரைக் கேட்டவுடன் மரபணுவின் வேலை நினைவுக்கு வந்துவிடும், ஆயுளுக்கும் மறக்காது. மனிதரிடம் இதற்கு இணையான மரபணு உண்டு. அதில் கோளாறு இருந்தால் பிறவியிலேயே இதயக் குறைபாடு வரலாம். அதன் பெயர் என்கேஎக்ஸ்2-5. இந்தப் பெயரை நான் எத்தனை முறை தேடிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. டின்மேனை ஒருமுறைகூடத் தேடியதில்லை.

1970-களில் கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் ஈக்களுக்கு ஞாபக சக்தித் தேர்வு வைத்தார்கள். ஒரு வாசனையைக் காட்டி மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். அடுத்த முறை அந்த வாசனை வந்தால் ஈ ஒதுங்கிப் போக வேண்டும். எத்தனை முறை அடி வாங்கினாலும் ஒதுங்காத ஈ ஒன்று 1976-இல் கிடைத்தது. அதன் மரபணுவுக்கு 'டன்ஸ்' என்று பெயர், நம் மொழியில் மக்கு. அதற்குப் பிறகு வந்த மக்குகளுக்குக் காய்கறிப் பெயர்கள்: டர்னிப், முட்டைக்கோஸ், முள்ளங்கி, ருட்டபேகா. நம் வாத்தியார்களாக இருந்தால் களிமண் என்று வைத்திருப்பார்கள். ஆனால் இந்த 'மக்கு' மரபணுவும் ருட்டபேகாவும்தான், நினைவு எப்படி மூளையில் பதிகிறது என்பதன் வேதியியலுக்குள் நுழைய முதல் வாசலாக இருந்தன.

இன்னும் சில. வெளிப் பிறப்புறுப்பு வளராத ஈயின் மரபணு 'கென் அண்ட் பார்பி'. அந்தப் பொம்மைகளின் உடையைக் கழற்றிப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் காரணம் தெரியும். கொஞ்சம் சாராய ஆவி பட்டாலே தள்ளாடி விழுகிற ஈ 'சீப் டேட்': விருந்துக்குக் கூட்டிப் போனால் அரைக் குவளையில் கவிழ்ந்து நம் பர்ஸைக் காப்பாற்றுகிற ஆள். ஆயுள் சுமார் 35 சதவீதம் கூடிய ஈக்கு, பைபிளில் 969 வருடம் வாழ்ந்த மெத்தூசலாவின் பெயர். 2000-இல் அதையும் மிஞ்சி, சராசரி ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பான ஈக்கள் வந்தன. அந்த மரபணு 'இண்டி'. "நான் இன்னும் சாகவில்லை" என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள். மாண்டி பைத்தான் குழுவின் படம் ஒன்றில் பிணவண்டியில் ஏற்றப்படும் கிழவர் சொல்கிற வசனம் அது.

ஜெர்மானியரான கிறிஸ்டியானே நூஸ்லைன் ஃபோல்ஹார்ட் ஒரு விபரீதமான ஈக் கருவைப் பார்த்ததும் "டோல்!" என்று கத்தினாராம். ஜெர்மன் பேச்சுவழக்கில் பிரமாதம், அசத்தல் என்று பொருள். அதுவே அந்த மரபணுவுக்குப் பெயராகிவிட்டது. பிற்பாடு ஈயின் நோய் எதிர்ப்புக்கும் அதே மரபணுதான் என்று தெரிந்தது. நம் உடலில் அதைப்போன்ற ஏற்பிகள் இருப்பதும் தெரிந்தது. இந்த வழியில் நடந்த ஆய்வுக்கு 2011-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மருத்துவ மாணவர்கள் இன்று 'டோல் போன்ற ஏற்பிகள்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். நேராக மொழிபெயர்த்தால் 'பிரமாதம் போன்ற ஏற்பிகள்'.

சரி, சோனிக்குக்கு வருவோம். இதே நூஸ்லைன் ஃபோல்ஹார்ட்டும் எரிக் வீஷாஸும் ஹைடல்பர்க் நகரில் ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களைச் சலித்து, கருவின் உடல் எப்படிப் பட்டை பட்டையாகப் பிரிகிறது என்பதற்கான 15 மரபணுக்களை 1980-இல் வெளியிட்டார்கள். 1995-இல் அவர்களுக்கும் எட்வர்ட் லூயிஸுக்கும் நோபல். அந்த 15-இல் ஒன்று 'ஹெட்ஜ்ஹாக்'. ஈயின் புழுவுக்கு வயிற்றில் முள் வரிசையும் வழவழப்பான தோலும் மாறி மாறி வரும். இந்த மரபணு கெட்டால் வழவழப்பு மறைந்து, உடல் குட்டையாகி, எங்கு பார்த்தாலும் முள். (ஹெட்ஜ்ஹாக்கை முள்ளம்பன்றி என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு விலங்கு. இது முள்ளெலி. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் நமக்கென்றே ஒரு முள்ளெலி இனம் உண்டு, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.)

முதுகெலும்புள்ள விலங்குகளில் இதே மரபணு மூன்று வடிவங்களில் இருப்பது 1993-இல் தெரிந்தது. இரண்டுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயரை வைத்தார்கள்: பாலைவன முள்ளெலி, இந்திய முள்ளெலி. மூன்றாவதற்கு, ஹார்வர்டில் கிளிஃப் டாபினின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராபர்ட் ரிடில், சோனிக் என்று வைத்தார். அந்த விளையாட்டு 1991-இல்தான் வெளிவந்திருந்தது. ஆய்வகத்துக்குள் இது நல்ல நகைச்சுவை. 2009-இல் இந்தப் புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறு ஒன்று கிடைத்தபோது 'ரோபாட்னிகினின்' என்று பெயரிட்டார்கள். விளையாட்டில் சோனிக்கின் வில்லன் டாக்டர் ரோபாட்னிக். அதுவரை எல்லாம் ஜோராகத்தான் போனது.

ஆனால் அந்த மரபணு செய்கிற வேலை சாதாரணமானதில்லை. கருவில் மூளையின் முன்பகுதி இடம் வலம் என்று இரண்டாகப் பிரிவதற்கும், கையில் எந்தப் பக்கம் கட்டைவிரல், எந்தப் பக்கம் சுண்டுவிரல் என்பதற்கும் இது வேண்டும். இதில் பிழை வந்தால் மூளை பிரியாமலே போகலாம். அப்படிப்பட்ட கருக்களில் பெரும்பாலானவை பிறக்கும் வரைகூடத் தாங்காது. இப்போது ஒரு மருத்துவரை நினைத்துப் பாருங்கள். எதிரே ஒரு இளம் தம்பதி. ஸ்கேன் அறிக்கை மேசையில். "உங்கள் குழந்தைக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக்கில்..." என்று அவர் வாயைத் திறக்க வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளை அந்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருப்பான்.

ஈக்குப் பட்டப்பெயர் வைத்தபோது யாருக்கும் வலிக்கவில்லை, ஈ மானநஷ்ட வழக்குப் போடாது. ஆனால் ஈயும் நாமும் ஒரே பழைய மரபணுக்களைத்தான் பகிர்ந்துகொள்கிறோம் என்று தெரிந்த நாளில், அந்தப் பட்டப்பெயர்கள் குப்பியைத் தாண்டி மருத்துவமனைக்குள் வந்துவிட்டன. மனித மரபணுக்களின் பெயர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சர்வதேசக் குழு இருக்கிறது. மருத்துவர்களின் முறையீடு வந்த பிறகு, 2006-இல் இப்படிச் சங்கடம் தருகிற பத்து மரபணுக்களின் பட்டியலை அந்தக் குழு கையில் எடுத்தது. 'லூனாட்டிக் ஃப்ரிஞ்ச்' அதில் ஒன்று. 'பைத்தியக்கார விளிம்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பிழை வந்த குழந்தைகளுக்கு முதுகெலும்பு கோணலாக வளரும். இன்று மனித மரபணுப் பட்டியலில் அதன் முழுப்பெயர், வாயில் நுழையாத ஒரு நொதியின் வேதிப்பெயர். முதலெழுத்துகள் மட்டும் பழையபடியே தங்கிவிட்டன. சோனிக் என்ற சொல்லோ முழுப்பெயரில் இன்னும் இருக்கிறது. மருத்துவர்கள் 'எஸ்எச்எச்' என்று முதலெழுத்துகளைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். அந்த மூன்று எழுத்தையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'உஷ்' என்று வாயை அடக்கும் ஒலி. இதை யாரும் திட்டமிடவில்லை.

தடுக்க யாரும் இல்லையா என்று கேட்டீர்களே, வக்கீல்கள் தடுத்த கதையும் உண்டு. 2005-இல் நியூயார்க்கில் ஒரு குழு, புற்றுநோயில் பங்குள்ள மரபணு ஒன்றுக்கு, நீளமான ஒரு பெயரின் எழுத்துகளைக் கோத்து 'போகிமான்' என்று அழைத்தது. "போகிமான் புற்றுநோயை உண்டாக்குகிறது" என்று செய்தி பரவினால் பொம்மை விற்கிற நிறுவனம் சும்மா இருக்குமா? வழக்குத் தொடுப்போம் என்றார்கள். பெயர் மாறியது. 2008-இல் ஜப்பானியர்கள் விழித்திரையில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து, அதே போகிமான் கூட்டத்தின் மின்னல் வேகப் பிகாச்சுவை நினைத்து 'பிகாச்சுரின்' என்று வைத்தார்கள். அது நன்றாகக் கண் தெரிவதற்கான புரதம். யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒரு கிளைக்கதை. கிண்டலே இல்லாத பெயர்களும் சிரிப்பாய்ச் சிரித்ததுண்டு. மார்ச்1, செப்ட்2 என்று ஆங்கிலச் சுருக்கத்தில் மரபணுக்கள் இருந்தன. எக்செல்லில் தட்டினால் அது பாட்டுக்கு மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-இல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் வளைந்துகொடுத்தது மென்பொருள் அல்ல, மனித மரபணு. 2020 வாக்கில் அவற்றின் பெயர்களை மாற்றிவிட்டார்கள். எக்செல்லில் அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்து வைக்கும் வசதி 2023-இல்தான் வந்தது.

விலங்கியலுக்கு வந்தால் சட்டம் தலைகீழ். ஒரு புது உயிரினத்தை முதலில் முறைப்படி வெளியிட்டவர் வைத்த பெயர்தான் பெயர். பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது, வைத்தவரே நினைத்தாலும் முடியாது. அதோடு பெயர் இரண்டு சொல்லாக இருக்க வேண்டும்: முதலில் பேரினம், பிறகு சிற்றினம். நகைச்சுவைக்கு இதைவிட வாகான அமைப்பு கிடைக்காது. முதல் சொல்லில் இழுத்து, இரண்டாம் சொல்லில் விடலாம். வில்லுப்பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போடுவது மாதிரி.

ஆர்னால்ட் மென்கே என்ற குளவி நிபுணருக்கு ஒருமுறை பூச்சிகள் நிறைந்த பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்தவர் புதுப் பேரினம் ஒன்றைக் கண்டு "ஆஹா!" என்றார். பக்கத்திலிருந்த எரிக் கிரிசல் நம்பாமல் "ஹா" என்றார். 1977-இல் வெளியான அந்தக் குளவியின் பெயர் 'ஆஹா ஹா'. மென்கே தன் காரின் எண் பலகையிலும் அதையே போட்டுக்கொண்டார்.

அதற்கும் முன்னால் 1904-இல் ஜார்ஜ் கிர்க்கால்டி என்பவர் சில பூச்சிப் பேரினங்களுக்கு 'சிஸ்மே' என்று முடியும்படி பெயர் வைத்தார். கிரேக்க முறைப்படி உச்சரித்தால் அது 'கிஸ் மீ'. ஓகிஸ்மி, பாலிகிஸ்மி, மாரிகிஸ்மி, பெக்கிகிஸ்மி, டாலிகிஸ்மி, நானிகிஸ்மி. பாலி, மேரி, பெகி, டாலி, நானி என்று வரிசையாக முத்தம் கேட்டிருக்கிறார் மனுஷன். பதில் கிடைத்ததா என்பதற்கு அறிவியல் இலக்கியத்தில் சான்று இல்லை.

ஹவாயில் நீல் ஈவன்ஹுயிஸ் என்ற ஈ நிபுணர் 2002-இல் 'பீஸா கேக்' என்று ஒரு சின்ன ஈக்குப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் 'கேக் துண்டு' என்றால் அல்வா சாப்பிடுவது போல எளிது என்று அர்த்தம். அமெரிக்காவில் மில்லரும் வீலரும் 2004-இல் 'ஜெல்லே' என்ற வண்டுப் பேரினத்தில் ஜெல்லி பீன், ஜெல்லி ரோல், ஜெல்லி டோனட், ஜெல்லி ஃபிஷ் என்று பலகாரக் கடையே வைத்துவிட்டார்கள். என் ரசனையைச் சொல்லிவிடுகிறேன்: இவை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. டின்மேன் போல இந்தப் பெயர் அந்த உயிரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வண்டுக்குப் பதில் வவ்வாலுக்கு வைத்தாலும் அதே ஜோக்தான். ஆனால் 1992-இல் பிரெட் ராட்க்ளிஃப் ஒரு வண்டுக்கு வைத்த 'சைக்ளோசெஃபலா நோடனதர்வன்' மேல் எனக்குப் பிரியம் உண்டு. 'நாட் அனதர் ஒன்', 'ஐயோ, இன்னொன்றா!' ஒரே பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்களை உட்கார்ந்து விவரித்தவருக்குத்தான் அந்தப் பெருமூச்சு வரும்.

மாற்றவே முடியாது என்று சொன்னேன், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. சிற்றினப் பெயர் நிலைத்திருக்கும். ஆய்வு முன்னேற முன்னேறப் பேரினம் மாறலாம். 1957-இல் 'ஆப்ரா' என்ற சிப்பிப் பேரினத்தில் ஓர் இனத்துக்கு 'கடாப்ரா' என்று பெயர் சூட்டினார்கள்: ஆப்ரா கடாப்ரா, நம் மொழியில் ஜீ பூம்பா. பிறகு யாரோ அது தியோரா பேரினத்தைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். இப்போது தியோரா கடாப்ரா. மந்திரம் பலிக்கவில்லை. மேலே சொன்ன ஈவன்ஹுயிஸ் 1985-இல் 'திரியா' என்ற பேரினத்தில் 'ரிலேட்டிவிட்டே' என்று வைத்து, சேர்த்துப் படித்தால் ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின் ஆங்கிலப் பெயர் ஒலிக்கும்படி செய்திருந்தார். அதையும் வேறு பேரினத்துக்குத் தூக்கிவிட்டார்கள். இரண்டு சொல்லையும் நம்பி ஜோக் சொன்னால் இந்த ஆபத்து உண்டு.

மாற்ற முடியாத சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்லோவேனியக் குகைகளில் கண்ணே இல்லாத பழுப்பு வண்டு ஒன்று வாழ்கிறது. அதற்கு 1937-இல் வைத்த பெயர் 'அனாஃப்தால்மஸ் ஹிட்லரி'. கண்ணில்லாத ஹிட்லர் என்று அழகான நையாண்டியாகத் தெரியும். வைத்தவர் ஓஸ்கார் ஷைபெல் பக்தியோடு வைத்தார். முதல் சொல் ஏற்கெனவே இருந்த பேரினப் பெயர், அவ்வளவே. பெயரை இன்றும் மாற்ற முடியவில்லை. ஹிட்லர் நினைவுப் பொருள் சேர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவதால் வண்டுக்கே ஆபத்து. இதற்கு நேர்மாறாக, 2005-இல் சளிப்பூஞ்சை தின்னும் வண்டுகளுக்கு அன்று அமெரிக்காவை ஆண்ட ஜார்ஜ் புஷ், டிக் செய்னி, டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் மூவரின் பெயரையும் வைத்தார்கள். எல்லோரும் நக்கல் என்றுதான் நினைத்தார்கள். இல்லை, மரியாதைக்காகத்தான் என்றார்கள் வைத்தவர்கள். புஷ்ஷே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினாராம். அதே கட்டுரையில் இன்னொரு வண்டுக்கு 'ஸ்டார் வார்ஸ்' பட வில்லன் டார்த் வேடர் பெயரும் இருந்தது. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்திலும் நடக்கிறது. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்ந்த இலை போலத் தோன்றும் ஒரு சிலந்தி. பின்னுடல் கூம்பி, நுனி வளைந்து, ஹாரி பாட்டர் கதையில் மாணவர்களைப் பிரிக்கும் பழைய தொப்பியை உரித்து வைத்தது போல இருக்கும். 2016-இல் அதற்கு, தொப்பியின் சொந்தக்காரர் பெயரில், 'எரியோவிக்சியா கிரிஃபின்டோரி' என்று சூட்டினார்கள். கேரளத்தில் நிலத்தடி நீரில் வாழும் விரால் வகை மீன் 2019-இல் 'கோலம்' ஆனது. வாசலில் போடும் கோலம் அல்ல. டோல்கீன் கதையில் மலைக்கடியில் இருட்டில் ஒளிந்து வாழும் பிராணி. இரண்டுமே எனக்குச் சம்மதம். படத்தைப் பார்த்தால் பெயர் வரும், பெயரைச் சொன்னால் படம் வரும்.

இயற்பியலாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. அணுக்கருவை ஒரு துகள் மோதுவதற்கான 'இலக்கின் பரப்பு' என்று ஓர் அளவு உண்டு. 1942 டிசம்பரில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக வேலை செய்த இருவர், சாப்பாட்டு நேரத்தில் இதற்கு ஒரு அலகு தேடினார்கள். யுரேனியக் கரு மற்றவற்றோடு ஒப்பிட்டால் தானியக் கொட்டகை மாதிரி பெரிசு, குருடன் எறிந்தாலும் படும். ஆகவே அலகின் பெயர் 'பார்ன்', கொட்டகை. ஒரு சதுர சென்டிமீட்டரை ஒன்றுக்குப் பின்னால் 24 சுழி போட்ட எண்ணால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கொட்டகை. இன்றும் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்தில் மோதல்களை எண்ணுவது இந்த அலகில்தான்.

1977-இல் ஜான் எல்லிஸ் செர்ன் பக்கத்து மதுக்கடையில் டார்ட்ஸ் எறிந்து பந்தயத்தில் தோற்றார். அடுத்த கட்டுரையில் எப்படியாவது பென்குயின் என்ற சொல்லை நுழைக்க வேண்டும் என்பது தண்டனை. 'பாட்டம் குவார்க்' என்ற நுண்துகளைப் பற்றிய கட்டுரையின் வரைபடம் ஒன்றை உற்றுப் பார்த்தார், பென்குயின் மாதிரி தெரிந்தது. மனசு வைத்துப் பார்த்தால் தெரியும். 'பென்குயின் வரைபடம்' இன்று பாடத்தில் இருக்கிறது.

உயிரியலில் இன்னொன்று: டிஎன்ஏ துண்டுகளை ஒற்றியெடுத்துத் தேடும் முறையை 1975-இல் வெளியிட்டவர் எட்வின் சதர்ன். சதர்ன் அவர் குடும்பப் பெயர். ஆர்என்ஏவுக்கு அதேபோல் ஒரு முறை வந்ததும் 'நார்தர்ன்' என்றார்கள். புரதத்துக்கு 1981-இல் 'வெஸ்டர்ன்'. திசையே இல்லாத மனிதரைச் சுற்றி ஒரு திசைகாட்டி கட்டிவிட்டார்கள். கல்லூரியில் நான் முதல் இரண்டு வருடம் இவை எங்கேயோ தெற்கிலும் வடக்கிலும் கண்டுபிடிக்கப்பட்டவை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜோக்குக்கு விலை கொடுத்தவரைச் சொல்லாமல் விட முடியாது. ரால்ஃப் ஆல்ஃபர், ஜார்ஜ் காமோவின் மாணவர். பெருவெடிப்பில் தனிமங்கள் எப்படிப் பிறந்தன என்று கணக்குப் போட்டு எழுதினார். ஆல்ஃபர், காமோ: ஆல்ஃபா இருக்கிறது, காமா இருக்கிறது, நடுவில் பீட்டா இல்லையே என்று காமோவுக்குக் கை அரித்தது. நண்பர் ஹான்ஸ் பெய்தேயின் பெயரையும் சேர்த்துவிட்டார், அந்த வேலையில் பெய்தே ஒன்றும் செய்யாமலே. 1948 ஏப்ரல் 1 தேதியிட்ட இதழில் ஆல்ஃபர், பெய்தே, காமோ என்று வெளிவந்தது. அடுத்து ராபர்ட் ஹெர்மன் வந்து சேர்ந்தபோது, டெல்டா வருவதற்காக 'டெல்டர்' என்று பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார் காமோ, ஹெர்மன் அசையவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், ஆல்ஃபர் சிரிக்கவில்லை. இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே, பட்டம்கூட வாங்காத மாணவனை யார் கவனிப்பார்கள்? அதே வருடம் அவரும் ஹெர்மனும் அண்டம் முழுக்க ஒரு மங்கிய பின்னணிக் கதிர்வீச்சு இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். 1965-இல் அது கண்டுபிடிக்கப்பட்டு, கண்டுபிடித்தவர்களுக்கு 1978-இல் நோபலும் கிடைத்தது. ஆல்ஃபருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அறிவித்து, 2007-இல் வழங்கினார்கள். உடல்நலம் இல்லாததால் மகன் போய் வாங்கினார். அடுத்த மாதமே ஆல்ஃபர் இறந்தார். பேராசிரியருக்கு அது ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டு.

கடைசிக் கேள்வி: தமிழில் வைக்க முடியுமா? விலங்குப் பெயர் லத்தீன் சொல்லாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த மொழிச் சொல்லையும் எடுத்து ரோமன் எழுத்தில் எழுதலாம், இரண்டு எழுத்தாவது இருந்தால் போதும். நீங்கள் கண்டுபிடித்த இனத்துக்கு உங்கள் பெயரையே வைத்துக்கொள்வதைத் தடுக்கும் விதி இல்லை. ஆனால் சக ஆட்கள் சிரிப்பார்கள், ஆகவே யாரும் செய்வதில்லை. யார் மனதையும் புண்படுத்தும் பெயர் கூடாது என்று ஒரு அறிவுரை உண்டு.

மென்கேயின் அந்த 'ஆஹா' பேரினத்தில் அவரே விவரித்த இனங்கள் இரண்டு: ஒன்று 'ஹா', இன்னொன்று எவன்ஸ் என்பவரின் பெயரில். குளவிகள் இருப்பது ஆஸ்திரேலியாவில், அங்கே நம் ஆட்களுக்கும் பஞ்சமில்லை. மூன்றாவது இனம் யார் வலையிலாவது சிக்கினால் 'ஓஹோ' என்று வைக்கச் சொல்லுங்கள். ஆஹா ஓஹோ.